படத்துல இல்லாத ஓடை

கண்மாய் ஒண்ணு இருந்துச்சு, கண்மாய்க்குக் கலுங்கு ஒண்ணு இருந்துச்சு, கலுங்குக்குக் கீழ ஊரு ஒண்ணு இருந்துச்சு, அந்த ஊருக்கு ஆவரங்குடின்னு பேரு. என்ன செவந்தி, கலுங்குன்னா என்னன்னு முழிக்கிறியா? கண்மாய் நெறஞ்சு போச்சுன்னா மிச்சத் தண்ணி கரையை ஒடைக்காம வழிஞ்சு போறதுக்குக் கல்லு வச்சுக் கட்டியிருப்பாங்கல்ல, அதான் கலுங்கு. அந்தத் தண்ணி ஒரு ஓடையில எறங்கி, ஊருக்கு நடுவுல வளைஞ்சு நெளிஞ்சு போயி ஆத்துல சேந்துக்கும். ஓடைக்கு மேட்டுப் பக்கம் மேலத்தெரு, பள்ளத்துப் பக்கம் கீழத்தெரு. கீழத்தெருவுல நாப்பது வீடு, நாப்பதும் மண்ணு வீடு. இதை நல்லா மனசுல வாங்கிக்கங்க, நடுவுல நடுவுல கேட்டீங்கன்னா எனக்குக் கோவம் வந்துரும்.

அந்தக் கீழத்தெருவுல மூக்காயின்னு ஒருத்தி இருந்தா. புருசன் இல்ல, ஒரே ஒரு மக. அந்த மகளும் மாசமா இருந்து, தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்திருந்தா, ஐப்பசியில பேறுகாலம். அப்புறம் ஒரு எருமை. எருமைக்குச் சீமாட்டின்னு பேரு வச்சிருந்தா. மோரு வித்துத்தான் பொழப்பு. மூக்காயி அந்த எருமைகிட்ட பேசிக்கிட்டேதான் நடப்பா, "என்னடி சீமாட்டி, காலையிலயே மொகம் கொடுக்க மாட்டேங்குற, ராத்திரி கொசு கடிச்சுச்சா"ன்னு கேப்பா. அதைப் பாத்துட்டு ஊருல எல்லாரும் அவளை அரைக்கிறுக்கின்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும்னு அவளும் விட்டுட்டா.

அப்ப அந்த நாட்டை ஆண்ட ராசாவுக்கு ஒரு நாள் ஒரு ஆசை வந்துச்சு. எந்த ஊருல எது எது எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானே, எங்க ரோடு போடலாம், எங்க சந்தை வைக்கலாம், எங்க வீடு கட்டலாம்னு தீர்மானம் பண்ண முடியும், அதனால ஊரு ஊருக்குப் படம் வரைஞ்சு கொண்டாங்கன்னுட்டார். நல்ல ஆசைதான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா அதுக்கு ஆளு வச்சார் பாரு, அங்கதான் கோட்டை விட்டார். தாண்டவராயர்னு ஒரு அதிகாரி. அந்த மனுசனுக்கு உள்ளங்கால்ல மண்ணு பட்டா தோசம்.

தாண்டவராயர் ஆவரங்குடிக்கு எப்ப வந்தார் தெரியுமா? சித்திரை மாசம், உச்சி வெயில்ல. எப்பிடி வந்தார்? பல்லக்குல. கீழ எறங்கினாரா? எறங்கவே இல்ல. தெரச்சீலையை ரெண்டு விரல் அளவு வெலக்கிப் பாத்துக்கிட்டே வருவார், கூட எழுத்துக்காரன் ஒருத்தன் வெள்ளைத் துணியை விரிச்சு வச்சு மையால வரைஞ்சுக்கிட்டே வருவான். வீடு தெரிஞ்சா "வீடுன்னு போடு"ம்பார், அவன் வீடுன்னு போடுவான். வயலு தெரிஞ்சா "வயலுன்னு போடு"ம்பார், அவன் வயலுன்னு போடுவான். கோயில் தெரிஞ்சா கன்னத்துல போட்டுக்கிட்டு "கோயில்னு போடு"ம்பார், அவனும் கன்னத்துல போட்டுக்கிட்டுப் போடுவான். இப்பிடியே வந்து ஓடைக்கு வந்தாங்க. சித்திரையில ஓடையில என்ன இருக்கும்? மணலு இருக்கும், நாலு ஆடு படுத்திருக்கும்.

"இது என்ன எடம்"ன்னார்.

பல்லக்குத் தூக்குனவன் சொன்னான், "ஓடைங்கய்யா."

"தண்ணி எங்கடா?"

"மழை பெஞ்சா வருமுங்கய்யா."

"வர்றப்ப வரட்டும், இப்ப இல்லையில்ல? சும்மா கெடக்குற எடம்னு விட்டுரு"ன்னுட்டார். அவனும் அந்த எடத்துல மை தொடாம வெள்ளையா விட்டுட்டான். அவ்வளவுதான், படத்துல ஓடையைக் காணோம்.

அதோட போயிருந்தா பரவாயில்ல. கலுங்குக்கு நேர் கீழ, ஓடை தொடங்குற எடத்துல பெரிய மருத மரம் ஒண்ணு நிக்கும். அங்க வந்ததும் சிலுசிலுன்னு காத்து. தாண்டவராயருக்கு மனசு அப்பிடியே அங்கயே ஒக்காந்துக்கிச்சு. இந்த எடம் சும்மாதானே கெடக்கு, நாம ஒரு மாளிகை கட்டிக்குவோம்னு முடிவு பண்ணிட்டார். வண்டி வண்டியா மண்ணைக் கொண்டாந்து ஓடையை மேடு பண்ணினார். ஓடைத் தலைமாட்டுல மாளிகைக்குக் கடைக்கால் போட்டார், கால்மாட்டு வரைக்கும் பூந்தோட்டம் வைக்கணும்னு அதையும் ரொப்பிட்டார். ஆவணிக்குள்ள மாளிகை எழும்பிருச்சு. தேக்குக் கதவு என்ன, வெங்கல ஊஞ்சல் என்ன, நெலைக்கண்ணாடி என்ன.

கீழத்தெரு சனங்களுக்குத் தூக்கம் போச்சு. போகாதா பின்ன? ஓடையை அடைச்சுட்டா கலுங்குத் தண்ணி எங்க போகும்? பள்ளத்தைப் பாத்துத்தான் போகும். பள்ளம் யாரு? கீழத்தெரு. மண்ணு வீடு தண்ணியில ஒரு பொழுது தாங்குமா? சனங்க கூடிப் பேசி, மொதல்ல நீர்பாய்ச்சி வீரணனை அனுப்புனாங்க, கண்மாய் மடையைத் தெறந்து அடைக்கிறவர் அவர்தான்.

வீரணன் போயிக் கும்பிட்டு, "ஐயா, ஓடையை அடைச்சுட்டீங்க, மழை வந்தா எங்க தெரு முழுகிரும்"ன்னார். தாண்டவராயர் ஊஞ்சல்ல ஆடிக்கிட்டே படத்தை விரிச்சு, "ஓடை எங்கய்யா இருக்கு, காட்டு"ன்னார். வீரணன் துணியைத் திருப்பித் திருப்பிப் பாத்தார், ஓடை இல்ல. தலையைச் சொறிஞ்சுக்கிட்டுத் திரும்பிட்டார்.

ரெண்டாவது, பானை வனையிற சோணையை அனுப்புனாங்க. சோணை கொஞ்சம் நியாயம் பேசுற ஆளு. "ஐயா, எங்க தாத்தன் அந்த ஓடையிலதான் மண்ணெடுத்தாரு, எங்கப்பன் அந்த ஓடையிலதான் மண்ணெடுத்தாரு, நானும் அங்கதான் எடுக்குறேன். ஓடை இல்லாம நாங்க வனைஞ்ச பானை எங்க இருந்து வந்துச்சு"ன்னு கேட்டார். தாண்டவராயர் அதுக்கும் படத்தை விரிச்சார். "உன் தாத்தன் படத்துல இருக்கானா? இல்ல. ஓடை படத்துல இருக்கா? இல்ல. போயிட்டு வா." சோணை திரும்பி வந்து சக்கரத்துல ஒக்காந்துக்கிட்டார்.

மூணாவது யாரு போறதுன்னு ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்தாங்க. அப்ப மூக்காயி எந்திரிச்சு, "நான் போறேன்"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. "சிரிங்க சிரிங்க, மாசமான பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டா நான் நீஞ்ச முடியும்? எனக்குப் போயித்தான் ஆகணும்"னு சொல்லிட்டு, எருமையைப் பிடிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டா.

போனா. தாண்டவராயர் மூக்கைச் சுளிச்சுக்கிட்டு, "எருமையை ஏன் கூட்டியாந்த"ன்னார்.

"அது எங்க ஊரு வழக்கமுங்கய்யா. எங்க ஊருல யாரு வீடு கட்டுனாலும் மொதல்ல அந்த எடத்துல ஒரு எருமையை விட்டுப் பாப்போம். எருமை நின்னா வீடு கட்டலாம், எருமை படுத்தா கட்டக்கூடாது. தண்ணி வர்ற எடம் அதுக்குத் தெரியும், காஞ்சு கெடந்தாலும் தெரியும். நீங்க வெளியூரு, உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, அதான் நானே ஓட்டியாந்தேன்"ன்னா.

அவ சொல்லி முடிக்கல, சீமாட்டி மாளிகை வாசல்ல ஒரு சுத்துச் சுத்தி, பெருமூச்சு விட்டு, பொத்துன்னு படுத்துருச்சு.

தாண்டவராயர் விழுந்து விழுந்து சிரிச்சார். "எருமை சொல்றதை நான் கேக்கணுமா? இந்தா பாரு, படத்துல இல்லாதது ஊருல இல்ல, அவ்வளவுதான்"ன்னார்.

மூக்காயி எடத்துல வேற யாரும் இருந்தா அழுதிருப்பாங்க. ஆனா அவ அழல. அந்த வார்த்தையை மட்டும் மனசுல ஒரு தடவை சொல்லிப் பாத்தா. சொல்லிப் பாத்துட்டு ரொம்பப் பணிவா, "ஐயா சொன்னா சரிதான். ஆனா எங்க சனங்க மரமண்டைங்க, வாயால சொன்னா ஏறாது. படத்துல இல்லாதது ஊருல இல்லன்னு தண்டோரா போட்டுச் சொல்லிருங்க. அதையும் மீறி இல்லாததை இருக்குன்னு சொல்றவனுக்கு ஒரு தண்டனையும் வச்சிருங்க, அப்பத்தான் அடங்குவாங்க"ன்னா. தாண்டவராயருக்கு வாயெல்லாம் பல்லு. கிறுக்கி ஆனாலும் நல்ல கிறுக்கின்னு நெனச்சுக்கிட்டு, அன்னைக்கே தண்டோரா போட்டுட்டார், படத்துல இல்லாதது எதையும் இருக்குன்னு சொன்னா, சொன்னவன் ராசா வீட்டு வாசல்ல வெயில்ல ஒத்தக்கால்ல நிக்கணும்னு.

ஏய், எதுக்கு இப்பவே சிரிக்கிறீங்க? இன்னும் நடக்கவே இல்ல. பொறுங்க.

மறுநாள் விடிஞ்சதும் மூக்காயி தெரு நடுவுல நின்னு, "எல்லாரும் மம்பட்டியை எடுங்க, கூடையை எடுங்க, கடப்பாரையை எடுங்க. இல்லாத எடத்துக்குப் போயி இல்லாததை வெட்டுவோம்"ன்னா. சனங்களுக்கு மொதல்ல புரியல. சோணைக்குத்தான் மொதல்ல புரிஞ்சுச்சு, புரிஞ்சதும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டார். அப்புறம் வீரணனுக்குப் புரிஞ்சுச்சு, அப்புறம் நாப்பது வீட்டுக்கும் புரிஞ்சுச்சு. நாப்பது வீட்டு ஆம்பளையும் பொம்பளையும் ஓடைக்குப் போயி, ரொப்புன மண்ணை வெட்டி வெட்டிக் கரையில போட்டாங்க. ஒரே பாட்டும் கூத்தும்.

தாண்டவராயர் குதிச்சுக்கிட்டு வந்தார். "என் பூந்தோட்டத்துல எவன் வெட்டுறது"ன்னார்.

மூக்காயி சொன்னா, "பூந்தோட்டமா? படத்துல இல்லையேங்கய்யா."

எழுத்துக்காரனைக் கூப்பிட்டு, "இவங்க மேல பிராது எழுதுடா"ன்னார். அவன் ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்துக்கிட்டு, "எந்த எடத்துல வெட்டுனாங்கன்னு எழுதட்டுங்க"ன்னான். "ஓ..."ன்னு வாயைத் தெறந்தார், தண்டோரா ஞாபகம் வந்துச்சு, மூடிக்கிட்டார். "தோ..."ன்னு தெறந்தார், மூடிக்கிட்டார். "என் மாளி..."ன்னு தெறந்தார், அப்பத்தான் உறைச்சுச்சு, மாளிகையும் படம் வரைஞ்சதுக்கு அப்புறம் கட்டுனதுதானே, அதுவும் படத்துல இல்ல. மூணு தடவையும் வாயில ஈ போயிட்டு வந்ததுதான் மிச்சம். வெறும் ஓலையைச் சுருட்டிக்கிட்டு உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டார்.

பத்து நாள்ல ஓடை பழையபடி ஆயிருச்சு. மாளிகைச் சுவரு வரைக்கும் வந்து நிறுத்திட்டாங்க, சுவத்துல யாரும் கை வைக்கல, அது நம்ம சனங்களுக்கு வழக்கமில்ல. மூக்காயி மட்டும் போயிக் கதவைத் தட்டி, "ஐயா, கோவத்தைப் பாக்காதீங்க, மழைக்கு முந்தி சாமான் சட்டெல்லாம் மேட்டுக்கு எடுத்து வச்சிருங்க, நானும் வந்து தூக்குறேன்"ன்னு சொல்லிப் பாத்தா. அந்த மனுசன் உள்ள இருந்துக்கிட்டே, "எருமைக்காரி புத்தி எனக்கு வேண்டாம்"ன்னுட்டார்.

ஐப்பசி பொறந்துச்சு. மழைன்னா மழை, மூணு நாள் விடாத மழை. மூணாவது நாள் மத்தியானம் கண்மாய் நெறஞ்சு கலுங்கு வழிய ஆரம்பிச்சுச்சு. அதே நேரம் மூக்காயி மகளுக்கு வலி கண்டிருச்சு. மருத்துவச்சி உள்ள, மூக்காயி வாசல்ல. உள்ள இருந்து மகளோட சத்தம் கேக்குது, வெளிய தண்ணியோட எரைச்சல் கேக்குது. கீழத்தெரு மொத்தமும் சட்டி பானையைத் தலையில வச்சுக்கிட்டு மழையில நிக்குது. இனிமே மகளைத் தூக்கவும் முடியாது, தூக்கிக்கிட்டு ஓடவும் முடியாது. மூக்காயி எந்தச் சாமியையும் விடல, எல்லாச் சாமியையும் கூப்பிட்டுட்டா.

தண்ணி வந்து மாளிகைச் சுவத்துல முட்டுச்சு. முட்டித் தேங்குச்சு. தேங்கி, கீழத்தெருப் பக்கம் ஒரு முழம் ஏறுச்சு. ரெண்டு முழம் ஏறுச்சு. கடைசி வீட்டு வாசல்ல இருந்த அம்மிக்கல்லு முழுகிப் போச்சு. அப்ப படார்னு ஒரு சத்தம். தேக்குக் கதவு பிச்சுக்கிச்சு. முன்வாசல் வழியா உள்ள போன தண்ணி பின்வாசல் வழியா வெளிய வந்து, வெட்டி வச்ச ஓடையில எறங்கி, அது பாட்டுக்கு ஆத்தைப் பாத்துப் போயிருச்சு. கீழத்தெருவுல ஏறுன தண்ணியும் சுருட்டிக்கிட்டு எறங்கிருச்சு. ஒரு வீடு இடியல. கொஞ்ச நேரத்துல மருத்துவச்சி தலையை நீட்டி, "பேத்தி"ன்னா. மூக்காயி அப்பிடியே சகதியில ஒக்காந்து ஓன்னு அழுதா. அவ அழுதது அன்னைக்குத்தான்.

தாண்டவராயர் என்ன ஆனாரா? மாளிகை உத்திரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குனார். கீழ அவரோட நெலைக்கண்ணாடி போகுது, மெத்தை போகுது, ஊஞ்சப் பலகை போகுது, ஒவ்வொண்ணா டாட்டா காட்டிட்டுப் போகுது. யாரு போயிக் காப்பாத்துனது? மூக்காயிதான். பேத்தி மொகத்தைப் பாத்துட்டு, சீமாட்டியை ஓடையில எறக்கிக் கூட்டிட்டுப் போயி, "ஏறுங்கய்யா, கடிக்காது"ன்னா. பல்லக்குல வந்த மனுசன் எருமை மேல ஏறி, கொம்பைப் பிடிச்சுக்கிட்டு, சகதியும் பாசியுமா, நேரா ராசாகிட்டப் போயிச் சேந்தார்.

"ராசா, என் மாளிகை போச்சு"ன்னார்.

ராசா படத்தை விரிச்சார். "எங்கய்யா மாளிகை? இதுல இல்லையே. எது அடிச்சுக்கிட்டுப் போச்சு?"

"ஓ... ஓ..."

"என்னய்யா ஓ ஓங்குற, பல்லு வலியா?"

எருமைக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்த மூக்காயி முன்னாடி வந்து, சித்திரையில பல்லக்கு வந்ததுல இருந்து தண்டோரா போட்டது வரைக்கும் ஒண்ணு விடாம சொன்னா. சொல்லிட்டு, "ராசா, இந்த ஐயா பல்லக்கை விட்டு எறங்கல, சரி. அவரு கொண்டாந்த படத்துல கண்மாய் இருக்கு, கலுங்கு இருக்கு, தண்ணி போற வழி இல்ல. அந்தத் தண்ணி எங்க போகும்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல"ன்னா. நாக்கைப் பிடுங்குற மாதிரிக் கேட்டுட்டா. ராசாவுக்கு மொகம் செவந்து போச்சு.

"நீ சொல்றது நெசம்"ன்னார் ராசா. "தாண்டவராயரே, ஒத்தக்கால்ல நிக்க வைக்கலாம், ஆனா அதுல யாருக்கும் பிரயோசனம் இல்ல. இந்த மழை விடுறதுக்குள்ள நீர் புதுப் படம் வரையணும். நடந்து போயி வரையணும், செருப்பில்லாம. இந்த எருமைக்குப் பின்னாடியே போகணும். இது எங்கெங்க படுக்குதோ அங்கெல்லாம் தண்ணின்னு போடணும். சரியா வரையிறீரான்னு பாக்க நானும் வாறேன்."

மறுநாள் பாக்கணுமே அந்த ஊர்கோலத்தை. முன்னால சீமாட்டி, அதுக்குப் பின்னால முட்டளவு சேத்துல தாண்டவராயர், அவருக்குப் பின்னால குடை பிடிச்சுக்கிட்டு எழுத்துக்காரன், அதுக்கும் பின்னால ராசா, அப்புறம் ஊரே. குடை யாருக்குன்னு கேக்குறியா? படத்துக்கு. சீமாட்டி ஓடையில படுத்துச்சு, "தண்ணி"ன்னு போட்டார். ஊரணிக்குத் தண்ணி வர்ற வரத்துக்கால்ல படுத்துச்சு, "தண்ணி"ன்னு போட்டார். சந்தை மேட்டுக்குப் பின்னால ஒரு பள்ளத்துல படுத்துச்சு, அங்கயும் "தண்ணி"ன்னு போட்டார். ராசா தலையை ஆட்டி ஆட்டிச் சந்தோசப்பட்டுக்கிட்டே வந்தார்.

இப்பிடியே போயி, ஊருக்குத் தெக்க, ஆத்தங்கரைக்கு வந்தாங்க. அங்க ராசா தனக்குன்னு ஒரு கோடை மண்டபம் கட்டிக்கிட்டு இருந்தார். பளிங்குத் தூணு, அரைக்கால்வாசிதான் வேலை பாக்கி. சீமாட்டி மண்டபத்துப் படியில ஏறுச்சு. நடு மண்டபத்துல போயி நின்னுச்சு. ராசாவைத் திரும்பிப் பாத்துச்சு. பெருமூச்சு விட்டுட்டு, பொத்துன்னு படுத்துருச்சு.

தாண்டவராயருக்கு எழுதுறதா வேண்டாமான்னு தெரியல. மூக்காயி மெல்ல, "எந்திரிடி சீமாட்டி, எந்திரிடி"ன்னு கயித்தை இழுத்தா. அது காதை மட்டும் ஆட்டுச்சு.

ராசா எருமையைப் பாத்தார். தூணைப் பாத்தார். சுத்தி நிக்கிற சனங்களைப் பாத்தார். அப்புறம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "அந்தக் கடப்பாரையை இங்க குடுங்க. தாண்டவராயரே, தண்ணின்னு போடும்"ன்னார். சொல்லிட்டு, மொதத் தூணுல மொத அடி அவரே அடிச்சார்.

அன்னைக்குப் போட்ட படத்தை வச்சுத்தான் அந்த நாட்டுல அதுக்கப்புறம் வீடு கட்டுனாங்க, ரோடு போட்டாங்க, சந்தை வச்சாங்க. தண்ணிக்கு வழியை விட்டுட்டு மிச்ச எடத்துல மனுசன் இருந்துக்கணும், அவ்வளவுதான் சங்கதி. ஆவரங்குடித் தண்ணி ஆத்துக்குப் போயிருச்சு, என் தொண்டையில தண்ணி வத்திப் போச்சு, யாராச்சும் ஒரு செம்பு கொண்டாங்க, கொண்டாந்து குடுத்துட்டுப் போயிப் படுங்க.